மொடம் செய்த கம்பனிகள் எங்கே போயின? வாசகர் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: களுவாஞ்சிகுடியில் இருக்கும் ஓய்வுபெற்ற ஆசிரியர் நான். பணிக்கொடைப் பணம் வங்கியில் கிடக்கிறது. லண்டனில் இருக்கும் மகன், "இன்டர்நெட்டும் ஏஐயும் இன்னும் எத்தனையோ மடங்கு வளரப் போகுது அப்பா, ரவுட்டர், சிப், மொடம் செய்கிற கம்பனிகளின் பங்கை என் பெயரில் வாங்கிப் போடுறன், பாதிக் காசை அனுப்புங்க" என்கிறார். இன்டர்நெட் வளரும் என்பதில் எனக்கும் சந்தேகமில்லை. அனுப்பலாமா?

பதில்: சேர், பாதியை அனுப்பாதீர்கள். இதை முதலிலேயே சொல்லிவிட்டுக் காரணத்துக்கு வருகிறேன், ஏனென்றால் காரணம் கொஞ்சம் நீளமானது.

மகன் சொல்வதில் ஒரு பாதி சரி. இன்டர்நெட் வளரும். 1995 இல் இலங்கையில் இன்டர்நெட் இணைப்பு விற்பனைக்கு வந்தபோது அது கொழும்பு ஆட்களின் சமாச்சாரமாக இருந்தது, இன்றைக்கு வாகரையில் தோணி கரை சேரும் முன்பே மீன் விலை வாட்ஸ்அப்பில் வந்துவிடுகிறது. அந்த நாளிலேயே "இது உலகத்தை மாற்றும்" என்று சொன்னவர்கள் யாரும் பிழை விடவில்லை. ஆனால் அதே ஆட்களில் பலர், சரியாகக் கணித்த பிறகும், மொடம், அதாவது கணினியைத் தொலைபேசிக் கம்பியோடு இணைக்கும் பெட்டி செய்த கம்பனிகளிலும் நெட்வேர்க் கம்பனிகளிலும் போட்ட பணத்தை இழந்தார்கள். நீங்கள் நின்று யோசிக்க வேண்டிய இடம் இதுதான்.

ஹேய்ஸ் என்று ஒரு அமெரிக்கக் கம்பனி இருந்தது. 1981 இல் ஸ்மார்ட்மொடம் என்ற பெட்டியை வெளியிட்டது. செக்கனுக்கு 300 பிட் வேகம், இன்றைய கணக்கில் அது ஒன்றுமே இல்லை, ஆனால் அன்று தொலைபேசிக் கம்பிக்குள் கணினியைப் பேசவைத்த பெரிய வேலை. அந்த மொடத்துக்குக் கட்டளை கொடுக்க ஹேய்ஸ் உண்டாக்கிய "ஏ.டி." கட்டளைகளை மற்ற எல்லாக் கம்பனிகளும் எடுத்துக்கொண்டன. "ஹேய்ஸுக்குப் பொருந்தும்" என்று பெட்டியில் எழுதாமல் மொடம் விற்க முடியாத காலம் ஒன்று இருந்தது. இன்றைக்கு நீங்கள் யூஎஸ்பியில் குத்தும் சிம் டொங்கிள், வேனில் பூட்டும் ஜீபிஎஸ் கருவி, இவற்றில் பலவற்றுக்குள் இன்னும் அதே ஏ.டி. கட்டளைகள்தான் ஓடுகின்றன. ஆனால் ஹேய்ஸ் கம்பனியோ 1994 இல் ஒரு தடவை, 1998 இல் இன்னொரு தடவை என்று திவால் நீதிமன்றத்துக்குப் போய், 1999 இல் உடைமைகள் விற்கப்பட்டு முடிந்தது. வருடங்களைக் கவனித்தீர்களா? இன்டர்நெட் மிக வேகமாக வளர்ந்த வருடங்கள் அவை. அதற்குள்தான் மொடத்துக்கே தரம் வகுத்த கம்பனி செத்தது.

ஹேய்ஸை முந்தி ஓடியது யூஎஸ் ரோபோட்டிக்ஸ். 1996 இல் அதன் விற்பனை கிட்டத்தட்ட 2 பில்லியன் டொலர். 1997 இல் த்ரீகொம் என்ற நெட்வேர்க் கம்பனி 6 பில்லியன் டொலருக்கும் மேல் பெறுமதியான தன் பங்குகளைக் கொடுத்து அதை வாங்கியது. மூன்றே வருடத்தில், 2000 இல், அதே த்ரீகொம் "தொலைபேசி மொடம் வியாபாரம் இனி வேண்டாம்" என்று அதைக் கழற்றிவிட்டது. கடைசியில் த்ரீகொமையே எச்பி கம்பனி 2010 இல் 2.7 பில்லியனுக்கு வாங்கியது. ஒரு காலத்தில் யூஎஸ் ரோபோட்டிக்ஸுக்கு மட்டும் கொடுத்த விலையில் பாதிகூட முழுக் கம்பனிக்கும் தேறவில்லை.

ஏன் இப்படி ஆனது? மொடம் முதலில் ஒரு அதிசயமாக இருந்தது, அப்புறம் சாமான் ஆனது, கடைசியில் ஒரு சின்னச் சிப்புக்குள் அடங்கிவிட்டது. வேகம் செக்கனுக்கு 14.4, 28.8, 33.6 கிலோபிட் என்று ஏறியது, 56 கிலோபிட்டில், அதாவது 56 கேயில் நின்றது. சாதாரண தொலைபேசி அழைப்பின் வழியாக அதற்கு மேல் போக முடியாது. அந்த 56 கேக்கும் முதலில் இரண்டு முறைகள் இருந்தன, ஒன்று மற்றதோடு பேசாது, எதை வாங்குவது என்று தெரியாமல் ஆட்கள் வாங்காமலே காத்திருந்தார்கள். 1998 இல் வி.90 என்ற பொதுத் தரம் வந்து சண்டை ஓய்ந்தது. ஆனால் தரம் ஒன்றானதும் எல்லா மொடமும் ஒன்றுதான், யார் மலிவாகத் தருகிறாரோ அவருக்கே வியாபாரம் என்றாகிவிட்டது. மொடத்தின் வேலையில் பாதியைக் கணினியின் புரசஸரே செய்யத் தொடங்கியது, கணினி செய்கிறவர்கள் மொடத்தை உள்ளேயே வைத்து விற்றார்கள். பிறகு அதே கம்பியில் இன்னும் வேகமாக ஓடும் ஏ.டி.எஸ்.எல். இணைப்பு வந்தது, பெட்டியைத் தொலைபேசிக் கம்பனியே தந்துவிட்டது. தனியாக மொடம் விற்பதற்கு யார் மிச்சம்?

இதை நம்ம பக்கத்து வெள்ளாமையில் நான் கண்ணால் கண்டிருக்கிறேன். படுவான்கரையில் என் மச்சான் ஒருவர் லீசிங் போட்டு வெட்டு மெஷின் எடுத்தார். முதல் போகம் மெஷின் நிற்க நேரமில்லை. ஒரு வயலில் வெட்டிக் கொண்டிருக்கும்போதே அடுத்த வயல்காரர் வரம்பில் வந்து காத்து நிற்பார், கூலியும் கேட்டது கிடைத்தது. அதைப் பார்த்து மூன்றாம் போகத்துக்குள் அந்த வட்டைக்கு ஏழு மெஷின் வந்துவிட்டது. ஏக்கருக்கான கூலி விழுந்தது, டீசல் விலை ஏறியது, லீசிங் தவணை மட்டும் மாறவே இல்லை. மெஷின் வெட்டு குறைந்ததா? இல்லை, இன்று கையால் வெட்டுகிறவர்களைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். மெஷின் வென்றது, மலிவாக வெட்டு முடித்த விவசாயி வென்றார், மெஷின் வாங்கிய மச்சான் அதை விற்றுத்தான் கடனிலிருந்து மீண்டார்.

சரி, செத்துப்போன கம்பனிகளை மட்டும் காட்டுகிறீர்களே, வென்றதைச் சொல்லுங்கள் என்று மகன் கேட்பார். சிஸ்கோவைச் சொல்கிறேன். ரவுட்டர், அதாவது இன்டர்நெட்டில் தகவலுக்கு வழிகாட்டி அனுப்பும் பெட்டி செய்யும் கம்பனி, 1984 இல் தொடங்கியது, 1990 இல் சந்தைக்கு வந்தது, மிக நல்ல கம்பனி. 2000 மார்ச்சில் உலகத்திலேயே பெறுமதி கூடிய கம்பனி என்ற இடத்தைப் பிடித்தது, மொத்தம் சுமார் 555 பில்லியன் டொலர். அந்த வருடம் அதன் இலாபம் சுமார் 2.7 பில்லியன். கணக்குப் போட்டுப் பாருங்கள் சேர், நீங்கள் எத்தனையோ பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக் கொடுத்திருப்பீர்கள்: வருட இலாபத்தைப் போல் 200 மடங்கு விலை. ஒரு வளவில் வருடத்துக்கு ஒரு இலட்சம் ரூபாய் தேங்காய் விழுகிறது என்பதற்காக இரண்டு கோடி கொடுத்து அதை வாங்குவீர்களா? தென்னை இன்னும் வளரும் என்று யார் சொன்னாலும்?

2000 மார்ச்சில் 80 டொலர் இருந்த அந்தப் பங்கு 2002 அக்டோபரில் 8 டொலர் வரை போனது. நடுவில் நடந்த ஒன்றைக் கட்டாயம் சொல்ல வேண்டும். தட்டுப்பாடு இருந்த காலத்தில் வாங்குகிறவர்கள், ஒரு இடத்தில் கிடைக்காவிட்டால் இன்னொரு இடத்தில் கிடைக்கட்டும் என்று ஒரே சாமானுக்கு இரண்டு மூன்று இடத்தில் ஓடர் கொடுத்திருந்தார்கள். கம்பனிகள் அதையெல்லாம் உண்மையான தேவை என்று எண்ணிச் சாமான் குவித்தன. சந்தை சரிந்ததும் ஓடர்கள் காற்றோடு போயின. 2001 இல் சிஸ்கோ மட்டும் 2 பில்லியன் டொலருக்கு மேல் பெறுமதியான சரக்கை நட்டக் கணக்கில் எழுதியது. அது மட்டுமா, பல கருவிக் கம்பனிகள் வாங்குகிறவனுக்குத் தாமே கடன் கொடுத்துத் தம் சாமானை விற்றிருந்தன. கொப்பியில் கடன் எழுதிச் சாமான் கொடுத்துவிட்டு, அதையெல்லாம் அன்றைய வியாபாரமாகக் கணக்கில் காட்டும் கடையை நினைத்துக் கொள்ளுங்கள். கடன்காரன் ஊரை விட்டுப் போன அன்றுதான் உண்மையான வியாபாரம் எவ்வளவு என்று தெரியும்.

அதன் பிறகும் சிஸ்கோ வளர்ந்தது. 2000 இல் சுமார் 19 பில்லியனாக இருந்த வருட விற்பனை 2025 இல் சுமார் 57 பில்லியன், மூன்று மடங்கு. ஆனால் பங்கு விலை 2000 மார்ச்சில் இருந்த இடத்துக்குத் திரும்பி வந்தது 2025 டிசம்பரில்தான். 2011 முதல் பங்கிலாபம் கொடுத்தார்கள், அது உண்மை. இருந்தாலும் 60 வயதில் உச்ச விலைக்கு வாங்கிய ஒருவருக்குப் போட்ட விலை திரும்பிய போது வயது 85. கம்பனி நல்லது, கணிப்பும் சரி, கொடுத்த விலைதான் பிழை. இன்று ஏஐ சிப், டேட்டா சென்டர் என்று ஓடும் கம்பனிகளுக்கும் இதே கதி வரும் என்று நான் சொல்லவில்லை. ஆனால் மகனிடம் கேட்க வேண்டிய கேள்வி "இது வளருமா" என்பது இல்லை. "எத்தனை வருட இலாபத்தை இப்போதே விலையாகக் கொடுக்கிறோம், இந்தப் பெட்டியை நாளைக்கு வேறொருவன் மலிவாகச் செய்ய முடியாமல் எது தடுக்கிறது" என்று கேளுங்கள். அவருக்குப் பதில் தெரிந்தால் நல்லது.

இன்னும் இரண்டு விஷயம். மகனின் பெயரில் வாங்கினால் அது சட்டப்படி மகனின் சொத்து. பிள்ளையில் நம்பிக்கை இருப்பது வேறு, ஆனால் உங்கள் மருந்துச் செலவும் அம்மாவின் கண் ஒப்பரேஷனும் அந்தக் காசில்தான் என்றால் அது உங்கள் பெயரில், இங்கே, கைக்கெட்டும் இடத்தில் இருக்க வேண்டும். அடுத்தது, முதலீட்டுக்கென்று வெளிநாட்டுக்குப் பணம் அனுப்ப 2017 ஆம் ஆண்டின் வெளிநாட்டுச் செலாவணிச் சட்டத்தின் கீழ் விதிகளும் எல்லைகளும் உண்டு. உங்கள் வங்கியில் கேட்டுச் செய்யுங்கள், உண்டியலில் அனுப்பாதீர்கள். ஆசையாக இருந்தால், போனாலும் வீட்டுச் செலவு தடுமாறாத ஒரு சிறு தொகையை மகனுக்குக் கொடுத்து, ஒரே கம்பனியில் போடாமல் பல கம்பனிகள் சேர்ந்த நிதியில் போடச் சொல்லுங்கள். அவ்வளவுதான்.

கேள்வி: எங்கள் ஆரையம்பதியில் இப்போது எல்லா வீட்டிலும் டேட்டா கார்ட் போடுகிறார்கள். அப்படியென்றால் கொழும்புப் பங்குச் சந்தையில் தொலைத்தொடர்புக் கம்பனிப் பங்கு வாங்குவது புத்திதானே? தையல் தொழிலில் சேர்த்த கொஞ்சக் காசு இருக்கிறது.

பதில்: தங்கச்சி, வீட்டுக்கு வீடு டேட்டா ஓடுவதைப் பார்த்துக் கேட்கிறீர்கள், நல்ல கண். ஆனால் டயலொக் 2005 இல் பொதுமக்களுக்குப் பங்கு விற்றபோது விலை 12 ரூபாய். அந்த வருடம் நம்ம ஊரில் எத்தனை பேர் கையில் போன் இருந்தது, இன்று எத்தனை பேர் கையில் இருக்கிறது என்று நினைத்துப் பாருங்கள். அவ்வளவு வளர்ச்சிக்கு நடுவிலும் அந்தப் பங்கு பல வருடங்கள் 12 ரூபாய்க்குக் கீழே கிடந்தது. 2008 இலும் 2009 இலும் கம்பனி நட்டம் காட்டியது. சின்ன நாட்டில் ஐந்து மொபைல் கம்பனிகள் விலையைக் குறைத்துக் குறைத்து அடிபட்டன, அதனால் நமக்கு அழைப்பு மலிந்தது, பங்குக்காரருக்கு மிச்சம் குறைந்தது. 2018 இல் எடிசலாட்டை ஹட்ச் எடுத்தது, 2024 இல் எயார்டெல் லங்கா டயலொக்கோடு சேர்ந்தது, இப்போது மூன்றுதான். போட்டியாளர் குறைந்தால் மிச்சம் கூடலாம், ஆனால் 2025 ஜூலையில் ஸ்டார்லிங்க்கும் வந்துவிட்டது, 5ஜிக்குச் செலவும் கிடக்கிறது. ஆகவே டேட்டா கார்ட் விற்பதைப் பார்க்காதீர்கள், கம்பனியின் காலாண்டு அறிக்கையில் இலாபத்தையும் கடனையும் பாருங்கள், அறிக்கை பங்குச் சந்தையின் தளத்தில் இலவசமாகவே கிடக்கிறது. அதற்கு முன் ஒன்று கேட்கிறேன், தையல் மெஷின் பழசா? ஓவர்லொக் மெஷின் ஒன்று எடுத்தால் மாதம் எவ்வளவு கூட வரும் என்று உங்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். அந்தக் கணக்கையும் பக்கத்தில் எழுதிப் பாருங்கள்.

கேள்வி: வந்தாறுமூலையில் வணிக முகாமைத்துவம் படிக்கிறேன். சந்தை விலைக்குள் எல்லாத் தகவலும் அடங்கியிருக்கும் என்று படிப்பிக்கிறார்கள். இந்த இன்டர்நெட் பங்குகளில் அது உண்மையாக இருந்ததா?

பதில்: ஒரு நாளைச் சொல்கிறேன் தம்பி, 2000 மார்ச் 2. மேலே சொன்ன த்ரீகொம்மின் கையில் பாம் என்ற கைக்கணினிக் கம்பனி இருந்தது, யூஎஸ் ரோபோட்டிக்ஸை வாங்கும்போது அதோடு சேர்ந்து வந்தது. பாமில் ஒரு சிறு பகுதியை மட்டும் சந்தையில் விற்றுவிட்டு மிச்சத்தைத் தன் பங்குக்காரருக்கே பிரித்துக் கொடுக்கப் போவதாக த்ரீகொம் அறிவித்திருந்தது, ஒரு த்ரீகொம் பங்குக்குச் சுமார் ஒன்றரைப் பாம் பங்கு என்று. முதல் நாள் முடிவில் பாம் 95 டொலர். அப்படியென்றால் த்ரீகொம் குறைந்தது 142 டொலராவது இருக்க வேண்டும் அல்லவா? அது சுமார் 82 டொலரில் முடிந்தது. வளவுக்குள் நிற்கிற மா மரத்தின் விலை அந்த மரத்தோடு சேர்ந்த முழு வளவின் விலையை விடக் கூட! இது ஒளித்து வைத்த தகவல் இல்லை, பத்திரிகையில் எழுதினார்கள். பிழை என்று தெரிந்தவர்களால் அதைத் திருத்தவும் முடியவில்லை, விலை கூடிப்போன பாம் பங்கைக் கடனுக்கு எடுத்து விற்றுத்தான் விலையை இறக்க வேண்டும், அதற்குப் போதிய பாம் பங்கு சந்தையில் இருக்கவில்லை. பாடத்தை விட்டுவிடாதீர்கள், பல நாட்களில் சந்தை என்னையும் உங்களையும் விடக் கெட்டித்தனமாகத்தான் விலை போடுகிறது. எல்லாரும் ஒரே பக்கம் ஓடும் நாளில் அது தடுமாறும். தொழில்நுட்பக் கம்பனிகள் நிறைந்த அமெரிக்காவின் நாஸ்டாக் சந்தையின் சுட்டெண் 2000 மார்ச் 10 இல் 5,048, 2002 அக்டோபரில் 1,114. பழைய உச்சத்துக்குத் திரும்ப 2015 ஆனது. ஆய்வுக் கட்டுரைக்குத் தலைப்புத் தேடுகிறீர்கள் என்றால் இந்த மார்ச் 2 ஐ எடுங்கள்.

கேள்வி: சம்மாந்துறையிலிருந்து எழுதுகிறேன். கணினிக் கம்பனிப் பங்கு ஹலாலா?

பதில்: தீர்ப்பு உலமாக்களுடையது, அவர்களிடமே கேளுங்கள். கணக்குப் பக்கம் மட்டும் சொல்கிறேன்: தொழில் ஆகுமானதாக இருப்பதோடு, வட்டிக் கடன் கம்பனியின் சந்தைப் பெறுமதியில் 30 வீதத்தைத் தாண்டக் கூடாது என்பது பரவலாகப் பின்பற்றும் ஓர் அளவுகோல். பங்கு விலை வானத்தில் இருக்கும்போது பல கம்பனிகள் இதில் தேறிவிடும், விலை விழுந்ததும் கடன் அப்படியே இருக்க வீதம் ஏறிவிடும். ஆகையால் ஒரு தடவை பார்த்தால் போதாது, ஒவ்வொரு வருடமும் பார்க்க வேண்டும்.

கேள்வி: அக்கரைப்பற்றில் ஒரு வாட்ஸ்அப் குழு. வெளிநாட்டில் ஏஐ சேர்வர் வாங்கி வாடகைக்கு விடுகிறார்களாம், நாம் ஒரு பங்கு எடுத்தால் தினமும் 2 வீதம் போனுக்கே வருகிறது. என் மைத்துனிக்கு இரண்டு கிழமையாக வந்துகொண்டிருக்கிறது. சேர்த்துவிட்டால் எனக்கும் கமிஷனாம்.

பதில்: போடாதீர்கள். மைத்துனியிடம் இன்றைக்கே சொல்லி எடுக்க முடிந்ததை எடுக்கச் சொல்லுங்கள். தினம் 2 வீதம் என்றால் ஐம்பது நாளில் போட்ட பணம் முழுவதும் திரும்பி வரும், அப்படி ஒரு மெஷின் இருந்தால் அதை வைத்திருப்பவன் வங்கியில் கடன் எடுத்துத் தானே இன்னும் பத்து வாங்குவான், உங்களைத் தேடி வரமாட்டான். மைத்துனிக்கு வருவது உங்களைப் போல் பிறகு சேர்ந்தவர்களின் காசு. ஆள் சேர்த்தால் கமிஷன் என்பதே இது பிரமிட் வியாபாரம் என்பதற்கு அடையாளம், நம் நாட்டு வங்கிச் சட்டத்தில் அது குற்றம், சேர்த்துவிடுகிறவருக்கும் சேர்த்துத்தான். மத்திய வங்கி தடைசெய்யப்பட்ட திட்டங்களின் பெயர்களை வெளியிடுகிறது, ஆனால் பட்டியலில் பெயர் இல்லை என்பதால் நல்லது என்று எடுத்துக்கொள்ளக் கூடாது, புதுப் பெயர் வைக்க ஒரு நாள் போதும். இந்தப் பக்கத்துக்கு வரும் கடிதங்களில் என்னை நித்திரை கொள்ளவிடாதவை இவைதான். சவூதியில் வீட்டு வேலை செய்து அனுப்பிய காசு, சீட்டுக் கட்டி எடுத்த காசு, பிள்ளையின் சீதன வீட்டுக்கு வைத்த காசு. தயவுசெய்து இந்தப் பதிலை உங்கள் மைத்துனிக்கு வாசித்துக் காட்டுங்கள்.

கேள்வி: இவ்வளவு சொல்கிறீர்களே, நீங்கள் இந்தத் துறையில் பணம் போட்டதுண்டா? (கல்லடியிலிருந்து ஒரு வாசகர்)

பதில்: போட்டேன், பங்கில் இல்லை, சரக்கில். போர்நிறுத்த ஒப்பந்தத்துக்குப் பிறகு, 2003 அளவில், மட்டக்களப்பு டவுனில் சின்னதாக ஒரு கணினிக் கடை வைத்திருந்தேன். கொழும்பிலிருந்து பத்து வெளி மொடம் எடுத்து வந்தேன், கறுப்புப் பெட்டி, முன்பக்கத்தில் வரிசையாகச் சிவப்பு விளக்குகள். டயல் பண்ணினால் கீச் கீச்சென்று கத்தும், கத்தல் ஓய்ந்து "சீ.டி." என்ற எழுத்துக்கு மேல் விளக்கு நிலையாகப் பற்றினால் இணைப்பு வந்துவிட்டது என்று அர்த்தம். கடையில் நிற்கிறவர்கள் எல்லாரும் அந்த ஒரு விளக்கைத்தான் பார்த்துக்கொண்டு நிற்பார்கள். கனடாவில் இருக்கும் மகனின் படம் திரையில் மேலிருந்து கீழாக, நெற்றி, கண், மூக்கு என்று இறங்கி வந்தபோது ஒரு அம்மா "என்ர மனே" என்று திரையைத் தடவினார், அது இன்னும் கண்ணுக்குள் நிற்கிறது.

நான்கு மொடம் விற்றது. அப்புறம் வந்த கணினிகளில் மொடம் உள்ளேயே இருந்தது, பிறகு ஏ.டி.எஸ்.எல். வந்தது, மிச்ச ஆறும் தட்டில் கிடந்தன. 2004 டிசம்பரில் கடல் வந்தபோது கடைக்கு ஒன்றும் ஆகவில்லை, ஆனால் ஊர் இருந்த நிலையில் யாருக்கும் மொடம் விற்கும் எண்ணம் எனக்கு வரவில்லை. அந்த மாதங்களில் தொண்டு நிறுவனங்களுக்கு ஆங்கிலத்தில் கடிதம் அடிக்கவும், மின்னஞ்சல் அனுப்பவும், எக்செலில் பெயர்ப் பட்டியல் போடவும் தெரிந்த பிள்ளைகள் அவசரமாகத் தேவைப்பட்டார்கள். கடையின் பின் அறையில் நான்கு பழைய கணினிகளைப் போட்டு வகுப்புத் தொடங்கினேன், காலையில் ஒரு குழு, பள்ளிக்கூடம் விட்ட பிறகு ஒரு குழு. முதல் வருடத்திலேயே மொடத்தில் போட்ட காசு திரும்பி வந்துவிட்டது. அந்த ஆறில் ஐந்தைப் பழைய இரும்புக்காரரிடம் நிறுத்துக் கொடுத்தேன், ஒன்று இன்னும் அலுமாரிக்கு மேலே இருக்கிறது, கரண்ட் கொடுத்தால் விளக்குகள் பற்றுகின்றன.